குலவை போடாத நாள்

கட்சித் தலைவர் ஹராவா மேடையில் வாயைத் திறந்தார். கீழே நியாசோக்கோ தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அவள் வேலை அதுதான். தலைவரின் நாக்கு எங்கே சறுக்குகிறதோ, அங்கே குலவை. பின்னால் நிற்கும் ஏழு பெண்களும் முரசைத் தட்டி ஆட, உளறல் புழுதியோடு புழுதியாகிவிடும்.

போன வாரம் ஒரு சாவு வீட்டில், "இதுபோல இன்னும் பல நிகழ்ச்சிகளில் உங்களைச் சந்திப்பேன்" என்றார். அதற்கு முந்தின வாரம் பள்ளித் திறப்பு விழாவில், "படிக்காமலேயே நான் இவ்வளவு தூரம் வந்தேன், நீங்களும் வரலாம்" என்றார்.

இரண்டு முறையும் மானத்தைக் காப்பாற்றியது குலவை.

எழுத்து தெரியாதவள் என்று எல்லோரும் நம்பியதால் தலைவரின் பேச்சுக் கோப்பைச் சுமப்பதும் அவள்தான். ரகசியம் வெளியே போகாது என்று உதவியாளன் ம்சிஸ்காவுக்கு நிம்மதி.

இன்றைய கூட்டம் அவளுடைய சொந்த ஊரில். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். மழை பிடித்துவிட்டால் நாலு மாதம் தோணிகூட ஓடாது.

முன்வரிசையில் அவள் மகள் தெம்வா, வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். ஜனவரியில் பிரசவம். கொட்டுகிற மழைக்காலம்.

ஹராவா தாளைப் புரட்டினார்.

"அடுத்த மழைக்கு முன்னால், இந்த ஆற்றில் பாலம்!"

ம்சிஸ்கா துள்ளி எழுந்தான். அது தலைவரின் மாமியார் ஊருக்கு எழுதிய பக்கம்! குலவைக்கு அடையாளமான வெள்ளைக் கைக்குட்டையை வெறி பிடித்தவன் போல ஆட்டினான்.

குலவை வரவில்லை.

"யக்கா, போடுக்கா! குடி முழுகிப் போச்சு!"

"தொண்டை கட்டிக்கிச்சு தம்பி" என்றவள், அடுத்த நொடி கணீரென்று பாட ஆரம்பித்தாள்.

"பாலம் வருது, பாலம் வருது, மழைக்கு முன்ன பாலம் வருது..."

ஏழு பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஊரே. பெண்கள் சுற்றியிருந்த சித்தெஞ்சே துணியில் அச்சடித்த ஹராவாவின் முகம் ஐம்பது இடுப்புகளில் குலுங்கியது.

ஜென்மத்தில் இப்படியொரு கைதட்டலைக் கேட்டிராத மனுஷர், மேடையை விட்டு இறங்கி ஆடவே தொடங்கிவிட்டார். ம்சூசு நகரிலிருந்து வந்த வானொலிக்காரர் மைக்கை நீட்ட, பாலத்தை மூன்று முறை சொன்னார். நாலாவது முறை, "எங்கம்மா மேல சத்தியம்!"

ம்சிஸ்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

திரும்பும்போது தோணியில் ஹராவாவின் முகம் ஜொலித்தது.

"இன்னைக்குக் குலவையே கேக்கலியே தாயி. நான் எங்கயும் உளறல இல்ல?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லீங்க."

நியாசோக்கோ இடுப்பு முடிச்சை அவிழ்த்து, வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். தலைவர் ரசித்துக் கொறித்தார்.

பொட்டலம் மடித்த தாளில், இந்த ஊருக்கென்று ம்சிஸ்கா தட்டச்சு செய்த வரி கொஞ்சம் எண்ணெயில் மங்கியிருந்தது: 'பாலம் குறித்துப் பிறகு பரிசீலிக்கப்படும்.'

கடலை தீர்ந்ததும் தாளைக் கசக்கி ஆற்றில் எறிந்தவரும் ஹராவாதான்.