சாம்பல் கல்

வரையாடு ஒன்று தன் குட்டியைப் பாறைப் பக்கமே விடவில்லை. தாயின் அண்ணனுக்குக் குளம்பின் அடியில் இருந்த ஒரு கோட்டால் மூன்று வயதிலேயே பின்னங்கால்கள் முடங்கிப்போயிருந்தன. குட்டியின் குளம்படியிலும் பிறவியிலிருந்தே ஒரு கோடு.

குளம்புக் கோடு பார்க்கும் ஆமையிடம் தாய் குட்டியை முதுகில் சுமந்துகொண்டு போனது. காலை முடக்கும் கோட்டுக்குக் கறுப்புக் கல், முடக்காத கோட்டுக்கு வெள்ளைக் கல் வைப்பது ஆமையின் வழக்கம். இந்தக் குட்டிக்குச் சாம்பல் கல் வைத்தது.

“அப்படின்னா?”

“தெரியலைன்னு அர்த்தம். இந்தக் கோட்டை நான் முன்னே பார்த்ததில்லை.”

“தெரியலைன்னா கறுப்புதானே?” தாயின் குரல் உடைந்தது.

“தெரியலைன்னா தெரியலைதான், தாயி. எங்கே, உன் காலைத் தூக்கு.”

தன் குளம்படியை எந்த ஆடு பார்த்திருக்கிறது? அங்கேயும் அதே கோடு இருந்தது.

“வயசென்ன உனக்கு?”

“ஏழு.”

“எந்த வழியா வந்தே?”

“செங்குத்துப் பாறை வழியா. இவனைச் சுமந்துகிட்டு.”

ஆமை கல்லை மாற்றவில்லை. வெள்ளைக் கற்களின் பக்கமாக அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தது. “இன்னும் தெரிஞ்சா சொல்லியனுப்பறேன்” என்றது.

திரும்பும்போது, பாறையடியில் தாய் குட்டியை இறக்கிவிட்டது.

“நீ முன்னாலே ஏறு. நான் பின்னாலேயே வர்றேன்.”