நாலாம் வெள்ளியும் அதே படம்

"தவக்காலத்து வெள்ளிக்கிழமை. இஞ்சை கோயிலிலை சிலுவைப்பாதை தொடங்கப்போகுது. உன்ரை மச்சாள் ஓட்டோ பிடிச்சுப் படத்துக்குப் போறா. நாலாவது கிழமை, றஜனி!"

கோயில் வாசலிலை வைச்சு லவீனா சொல்ல, றஜனிக்கு முகம் கறுத்துப் போச்சு.

"எங்கடை அண்ணையையும் ஏத்திக்கொண்டோ?"

"பின்னை? வீல்செயாரையும் பின்னாலை கட்டிக்கொண்டு. அதுவும் என்ன படம்? கார் ரேஸ் படம். ஒரே படம் நாலுதரம்!"

மச்சாள் லூர்த்தம்மாவுக்கு ரேஸ் பட விசர் எண்டு குருநகரிலை ஆருக்குத் தெரியாது? அவ எமில்ராஜைக் கட்டினதே அவர் பருத்தித்துறை ரூட்டிலை மினிபஸ் ஓடின வேகத்தைப் பாத்துத்தான் எண்டு சனம் பகிடி பண்ணும்.

அந்த மனுசன்தான் கார்த்திகையிலை பாரிசவாதம் வந்து விழுந்தவர். கதைபேச்சுத் திரும்பி வந்திட்டுது. கையும் கொஞ்சம் வந்திட்டுது. வலது கால் மட்டும் மரக்கட்டை. கிள்ளினாலும் தெரியாது.

"அந்தக் கால் ஒருக்காத் தானா அசைஞ்சால் போதும். மிச்சத்தை நாங்கள் பாப்பம்" எண்டு ஆஸ்பத்திரியிலை சொல்லிப்போட்டினம். அசையாட்டி? அதை வீட்டிலை ஒருத்தரும் வாய்விட்டுக் கேக்கேல்லை.

அந்தக் காலுக்காகத்தான் றஜனி இந்தத் தவக்காலம் முழுக்க மீன் வாயிலை வைக்கேல்லை. கடற்கரையிலை பிறந்து வளந்தவளுக்கு அது சின்ன விசயமே? போன ஞாயிறு நேரை போய்ச் சண்டையும் பிடிச்சவள்.

"மச்சாள், அண்ணையின்ரை காலுக்காக நான் முழங்கால் தேய மண்டாடுறன். நீங்கள் வருத்தக்காரனை இழுத்துக்கொண்டு போய்ப் படம் பாக்கிறியள். வெக்கமா இல்லையோ?"

"நீ மண்டாடு றஜனி. நான் வாற வெள்ளியும் போவன்."

"ஊர் என்ன கதைச்சாலும்?"

"பாதர் வந்து மறிச்சாலும்."

இதுக்குமேலை ஆர் பொறுக்கிறது? கோயில் வாசலிலை நிண்ட றஜனி கையிலை இருந்த செபப் புத்தகத்தை லவீனாவிட்டைக் குடுத்தாள்.

"நீ போய் மண்டாடு. நான் அண்ணையைக் கூட்டிக்கொண்டுதான் வருவன்."

டிக்கெற் எடுத்துக்கொண்டு தியேட்டருக்குள்ளை போனால் கும்மிருட்டு. கார் உறுமிற சத்தத்திலை காது அடைச்சுது. பத்துப் பதினைஞ்சு சனந்தான். ஓரத்திலை வீல்செயாரிலை அண்ணை. பக்கத்துச் சீற் வெறுமை.

எளிய சனியன்! வருத்தக்காரனைத் தனிய விட்டிட்டு எங்கை போட்டா உவ? றஜனிக்குப் பத்திக்கொண்டு வந்தது.

கிட்டப் போனவளின்ரை காலிலை ஆரோ தடக்குப்பட்டினம். குனிஞ்சு பாத்தாள். லூர்த்தம்மா! நிலத்திலை குந்தியிருந்து, புருசன்ரை வலது பாதத்தைத் தன்ரை உள்ளங்கையிலை வைச்சிருக்கிறா.

"என்ன மச்சாள் இது?"

"உஷ்! அவருக்குக் கேக்கப்போகுது." லூர்த்தம்மா அவளைப் பிடிச்சு இழுத்துப் பக்கத்திலை இருத்தினா. "இடுப்பு நாரி நோகுது, கீழை இருக்கிறன் எண்டு அவருக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்."

"காலை ஏன் பிடிச்சிருக்கிறியள்?"

"தை மாசம் டீவியிலை ஒரு கார் முட்டப்போக, இந்தப் பெருவிரல் துடிச்சதைக் கண்டனான். இருபத்தாறு வருசம் பிறேக் மிதிச்ச காலெல்லே. அவர் அறியாமலே மிதிக்கப் பாக்குது. வீட்டு டீவி காணாது. இந்தப் பெரிய திரையும் சத்தமும் வேணும்."

"இதை எங்களுக்குச் சொன்னால் என்ன?"

"நீ அவருக்குச் சொல்லிப்போடுவாய். தெரிஞ்சால் அவர் முக்கி முக்கிப் பாப்பார். வராட்டி அழுவார். அந்த அழுகையை என்னாலை பாக்கேலாது, றஜனி."

றஜனி அந்தப் பாதத்தைக் குனிஞ்சு பாத்தாள். "ஏதும் அசைஞ்சதோ?"

"முதல் ரெண்டு கிழமையும் ஒண்டுமில்லை. போன கிழமை விரல் அஞ்சும் மடங்கினது. கையைத் தா."

லூர்த்தம்மா றஜனியின்ரை கையை விரிச்சுப் பாதத்துக்குக் கீழை வைச்சா.

திரையிலை ஏதோ கிறீச்சிட்டுது.

"டேய், வளைவடா! அமத்தடா பிறேக்கை!" எண்டு எமில்ராஜ் கத்தினார்.

பாதம் அமத்திச்சுது. றஜனியின்ரை விரல் நிலத்தோடை நெரிஞ்சுது. நல்லா நொந்தது. அவள் கையை எடுக்கேல்லை. "என்ரை மாதாவே" எண்டு விம்மிப்போட்டாள்.

எமில்ராஜ் குனிஞ்சு பாத்தார். இருட்டிலை காலுக்குக் கீழை இருந்த கை அவருக்குத் தெரியேல்லை. "நீ எப்பயடி வந்தனி? பாத்தியே, நான் பிறேக் அடிச்சபடியாத்தான் உவன் தப்பினவன்!" சொல்லிப்போட்டுச் சிரிச்சார். ஏன் தங்கச்சி அழுறாள் எண்டு அவருக்கு விளங்கேல்லை.

றஜனி சேலைத் தலைப்பாலை கண்ணைத் துடைச்சுப்போட்டு, அண்ணைக்குக் கேக்காமல் குசுகுசுத்தாள்.

"எழும்புங்கோ மச்சாள். மேலை போய் இருங்கோ. நான் பிடிக்கிறன்."

"உனக்குக் கை நோகும்."

"நோகட்டும். வாற வெள்ளியும் நான்தான் பிடிப்பன்."

லூர்த்தம்மா நாரியைப் பிடிச்சுக்கொண்டு எழும்பிச் சீற்றிலை சாஞ்சா. கொஞ்ச நேரம் திரையையே பாத்தா. பிறகு புருசன்ரை காதுக்கை குனிஞ்சு கேட்டா:

"இஞ்சாருங்கோ, இதிலை கதாநாயகன்ரை கார் எது? சிவப்போ, நீலமோ?"