உள்பை

நாலாயிரத்து அறுநூறு ரூபாய். முத்துமாலை அவனுக்குக் கொடுக்க வேண்டியது.

அந்தக் கடன் அவன் நினைவுக்கு வந்த நேரத்தில், முத்துமாலையின் கை ஒரு தோல் ஜாக்கெட்டின் உள்பைக்குள் இருந்தது.

கை உள்ளே போனது. கொஞ்சம் நின்றது. வெளியே வந்தது.

ஒன்றுமில்லை என்று முத்துமாலை தலையை ஆட்டினான். ஜாக்கெட்டை முதல் தரக் குவியலில் எறிந்தான்.

எதிரே நின்ற அவன் அடுத்த கோட்டை எடுக்கவில்லை. குவியலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பையின் துணி வெளியே தொங்கவில்லை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது அந்தக் கிட்டங்கி. வெளிநாட்டு ஆம்பிளைகள் உடுத்திக் கழித்த கோட்டுகள் பொதி பொதியாக வந்து இறங்கும். முழங்கால் வரை தொங்குகிற கம்பளிக் கோட்டு. குறுக்கே ஜிப் ஓடுகிற தோல் ஜாக்கெட். வெளுத்த ஜீன்ஸ் கோட்டு. சென்னையிலிருந்து ஒரு கடைக்காரர் வந்து பொறுக்கிக்கொண்டு போவார். முழங்கை தேய்ந்திருந்தால் விலை கூட என்பார்; தேய்ந்ததுதான் இப்போது ஃபேஷனாம். புதுசு மாதிரி இருந்தால் முகத்தைச் சுளிப்பார்.

ஒரு கோட்டுக்கு இரண்டு பேர். ஒருவன் வெளிப்பையைத் துழாவ வேண்டும், மற்றவன் உள்பையை. பார்த்து முடித்தபின் பையின் துணியை வெளியே இழுத்துத் தொங்கவிட வேண்டும். கிடைத்தது எதுவானாலும் ஜோடிக்குப் பாதி பாதி.

யாரும் போட்ட சட்டமில்லை. மேஸ்திரிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

பெரும்பாலும் மிட்டாய்க் காகிதம்தான் வரும். ஒரு தடவை வெளிநாட்டு நோட்டு வந்தது. மாற்றிப் பங்கு வைத்தார்கள். அன்றைக்கு முத்துமாலைதான் அவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அதையும் அவன் நினைத்துப் பார்த்தான்.

ஆனால் இன்னொன்று உறுத்தியது. எந்தக் கோட்டு வந்தாலும் முத்துமாலை ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் விட மாட்டான். அந்த வெக்கையிலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இடுப்பில் கை வைத்து நிற்பான். பக்கத்து மேசையில் கவுன் பிரிக்கிற பேச்சியம்மாள், மாப்பிள்ளை ரெடி, பொண்ணு இன்னும் கப்பல்ல இருந்து எறங்கல என்பாள்.

இந்த வருசம் வந்ததிலேயே நல்ல ஜாக்கெட் அது.

முத்துமாலை போட்டுப் பார்க்கவில்லை.

டீ நேரத்தில் முத்துமாலை கக்கூஸ் பக்கம் போகிற வரை அவன் காத்திருந்தான். அவன் குவியலில் இருந்து ஜாக்கெட்டை உருவினான். உள்பையை இழுத்துப் பார்த்தான். வழுவழுவென்ற கறுப்புத் துணி. காலி.

காலி என்று தெரிந்ததும் மனம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. காலிப் பையை இழுத்துவிட என்ன கஷ்டம்?

அதற்குப் பிறகு அவன் கோட்டைப் பார்ப்பதை விட்டு முத்துமாலையின் கையைப் பார்த்தான். முத்துமாலை ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்து, இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினான்.

அதுவும் பிடிக்கவில்லை.

கோயில் கொடை விழாவுக்கு வரி கட்ட வேண்டும் என்று சொல்லித்தான் முத்துமாலை கடன் வாங்கியது. கொடையன்று கூலிங் கிளாசும் புதுச் சட்டையுமாக வந்து நின்றான். அன்றைக்கு அவனுக்கு அது சிரிப்பாக இருந்தது.

மறுநாள் டீக்கு முத்துமாலை காசு கொடுத்தான். வடையும் வாங்கித் தந்தான். வடை சூடாகத்தான் இருந்தது. பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காக்கைக்குப் போட்டான்.

டீ குடித்து வந்ததும் புதுப் பொதி. இரும்புப் பட்டை போட்டு இறுக்கி வரும். எப்போதும் அவன் வெட்டுவான், முத்துமாலை பட்டையை அழுத்திப் பிடிப்பான். பிடி நழுவினால் பட்டை துள்ளி, வெட்டுகிறவன் முகத்தைக் கிழித்துவிடும். இத்தனை வருசத்தில் அவன் முகத்தில் ஒரு கீறல் இல்லை.

அன்று வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முத்துமாலை அதைப் பார்த்தான். பிடியை விடவில்லை.

சனிக்கிழமை. கூலி வாங்கி வெளியே வந்தால், வாசலில் முத்துமாலை நிற்கிறான். மடித்த பணத்தை நீட்டினான்.

"எண்ணிப் பாத்துக்கிடும் வே. பூராவும் இருக்கு."

எங்கிருந்து என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலே முத்துமாலை சொன்னான். திருப்பூரில் இருக்கிற மச்சான் அனுப்பினானாம். அந்த மச்சானோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று போன மாதம் புலம்பியதும் இதே முத்துமாலைதான்.

அவன் வாங்கி எண்ணினான். சரியாக இருந்தது.

மச்சான் அனுப்பியிருக்கலாம். அறுந்த பேச்சு மறுபடி ஒட்டியிருக்கலாம். குடும்பம் என்றால் அப்படித்தானே.

நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் இல்லை என்பான். அந்த இல்லையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அவன் பணத்தை இரண்டாகப் பிரித்தான். ஒரு பாதியை முத்துமாலையிடம் நீட்டினான்.

"இது ஒம்ம பங்கு."

முத்துமாலை பணத்தைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தைப் பார்த்தான். கன்டெய்னர் லாரி ஒன்று இருவர் மேலும் புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போனது.

எதில் பங்கு என்று முத்துமாலை கேட்கவில்லை.

வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான்.

"அப்பம் எங் கடன்?"

"தீந்துட்டு வே. நீரு போம்."

அவன் மறுபடி கிட்டங்கிக்குள் போனான். திங்கட்கிழமையில் இருந்து போர்வை பிரிக்கிற பக்கம் போட்டுவிடச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டான். அங்கே கூலி குறைவு, தூசி ஜாஸ்தி என்றார் மேஸ்திரி. முத்துமாலையோடு ஏதும் சண்டையா என்றும் கேட்டார்.

இல்லை என்றான்.

போர்வைக்குப் பை கிடையாது.