சணலில் கட்டிய பேனா

நூலகத்தில் ஒரு கண்காட்சி. அமெரிக்கா விடுதலை வாங்கிய காலத்துத் தலைவர் ஒருவரைப் பற்றியது. வாசலருகே கருத்துப் பதிவேடு ஒன்றை வைத்திருந்தார்கள். அதற்கான பேனாவை யாரும் எடுத்துப் போய்விடக் கூடாதென்று மேஜைக் காலில் சணலால் கட்டியிருந்தார்கள்.

பன்னிரண்டு நாளாகச் 'சுதந்திரம், சுதந்திரம்' என்று எழுதி எழுதிப் பேனாவுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

"என்ன தம்பி, வாடிக் கிடக்கே?" என்றது கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த, அந்தத் தலைவர் எழுதிய இறகுப் பேனா.

"இன்னிக்குப் பேச்சுப்போட்டி வேறண்ணே. எத்தனை பேர் எழுதினாங்க! ஒருத்தர்கூட இந்தச் சணலைப் பாக்கலை."

அப்போது போட்டிக்கு நடுவராக வந்த வேதரத்தினம் ஐயா பேனாவை எடுத்தார். 'எந்தக் கயிறும் மனிதனைக் கட்டிப்போட முடி' என்பது வரை பெரிய எழுத்தில் எழுதினார். வரியின் ஓரத்துக்குப் போனதும் சணல் வெடுக்கென்று இழுத்தது.

ஐயா குனிந்து பார்த்தார். "என்னம்மா அநியாயம் இது!" என்று சத்தம் போட்டார்.

நூலகர் அம்மா கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். பேனா மூச்சைப் பிடித்துக்கொண்டது. சணல் அறுந்தது.

அம்மா வேறொரு சணலை எடுத்து, ஒரு முழம் கூடுதலாக விட்டுக் கட்டினார். "இப்ப எட்டுதா சார்?"

"ரொம்ப நன்றிம்மா." ஐயா மிச்சமிருந்த 'யாது'வை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பேனா சுருண்டு படுத்தது.

கண்ணாடிக்குள்ளிருந்து பெருமூச்சு கேட்டது. "ஒரு முழமா! கொடுத்து வச்சவன்டா நீ."