அம்மா மறந்த பூட்டு

“மறந்துட்டாங்கன்னு மட்டும் எழுதாதீங்க பாப்பா.”

மகள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே ஃபோர்மேன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தொழிற்சாலையில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறவர். அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அதனால் நாற்பது வயதாகியும் அவள் அவருக்குப் பாப்பா; அவர் அவளுக்கு மாமா.

“வேற என்னன்னு எழுதறது மாமா? நாளைக்கு நினைவுக் கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடி படிக்கப்போறேன். அம்மா எப்படிச் செத்தாங்கன்னு ஒரு வரியாவது வர வேண்டாமா?”

அது அம்மாவின் அறை. கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே இயந்திரக் கூடம் தெரிந்தது. மூன்று வாரமாக எதுவும் ஓடவில்லை.

பாதிப் பக்கம் எழுதியாகிவிட்டது. தகரக் கொட்டகையில் ஒரே ஒரு பழைய பிரஸ்ஸை வைத்துக்கொண்டு அம்மா குழாய்களுக்கு ரப்பர் வாஷர் செய்ய ஆரம்பித்தது. “இதெல்லாம் பொம்பளைக்கு ஒத்துவருமா?” என்று கேட்ட அப்பா, பிறகு வாயை மூடிக்கொண்டு அதே கொட்டகையில் பார்சல் கட்ட உட்கார்ந்தது. எந்த வீட்டில் குழாய் சொட்டினாலும் அம்மா அதைத் தன் சொந்த அவமானமாக எடுத்துக்கொள்வாள். விருந்துக்குப் போன இடத்தில்கூட முதலில் கை கழுவும் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவாள்.

“பூட்டைப் பத்தி எழுதிட்டீங்களா?” என்று கேட்டார் ஃபோர்மேன்.

“அது இல்லாம அம்மாவா?”

ஆளுக்கு ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரே சாவி. இரும்பு அலகுகள் சுழன்று ரப்பர் கலக்கும் பெரிய தொட்டிக்குள் சுரண்டவோ துடைக்கவோ யார் இறங்கினாலும், முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்ட வேண்டும். சாவி கழுத்தில் இருக்க வேண்டும். இறங்கியவர் ஏறி வந்து தன் கையால் பூட்டைத் திறக்கும்வரை, கொம்பனே வந்தாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. அம்மா போட்ட சட்டம் இது. இதைச் சொல்லிச் சொல்லியே எல்லார் காதையும் புண்ணாக்கியவள்.

“ஒருத்தர் தொட்டியில இருந்து ஏறி வந்துட்டு, பூட்டை எடுக்க மறந்து வீட்டுக்குப் போயிட்டாரே, ஞாபகம் இருக்கா மாமா? கொட்டற மழையில அம்மா ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போய், அரைத் தூக்கத்துல இருந்தவரை லுங்கியோட இழுத்துட்டு வந்தாங்க. சாவியைத் திருப்பிட்டு அவர் நேரா தொட்டிப் பக்கத்து மேடையிலயே படுத்துட்டார்!”

மூன்று வாரத்தில் முதல் முறையாக அவள் சிரித்தாள். ஃபோர்மேன் சிரிக்கவில்லை. அவளுடைய சிரிப்பும் பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

“அப்படிப்பட்டவங்க எப்படி மாமா மறந்தாங்க? எனக்கு அம்மா மேல ஆத்திரம் ஆத்திரமா வருது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு, தான் மட்டும் பூட்டு மாட்டாம உள்ள இறங்கியிருக்காங்களே! கழுத்துல சாவி இருக்கு, பூட்டை எங்க தொலைச்சாங்கன்னே தெரியலை. போலீஸ்காரர் எழுதிக் கொடுத்திருக்கார் பாருங்க, ‘இறந்தவரின் கவனக்குறைவு’ன்னு. முப்பது வருஷ உழைப்புக்கு மிஞ்சினது அந்த ரெண்டு வார்த்தைதான்.”

“விடுங்க பாப்பா.”

“எப்படி விடறது? மார்க்கெட்ல ஒருத்தர் என் காதுபடவே சொல்றார், வயசானா வீட்டுல உட்கார வேண்டியதுதானேன்னு. நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் சொல்றது சரிதானே?”

ஃபோர்மேன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இளைத்துப்போயிருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

“அத்தை நேத்து வந்தாங்க மாமா. நீங்க சோத்துல கை வைக்கறதே இல்லைன்னு சொல்லி அழுதாங்க. சுவிட்சைப் போட்டது நீங்கதான்னு ஆளாளுக்குக் கூடிக் கூடிப் பேசறாங்களாமே?”

“பேசட்டும்.”

“ஏன் பேசணும்? பூட்டு இல்லாத சுவிட்ச். உள்ள ஆள் இருக்குன்னு நீங்க என்ன கனவா கண்டீங்க? மாமா, நான் அந்த வரியை அம்மாவைக் குத்திக்காட்டறதுக்காக எழுதலை. உங்களுக்காகத்தான் எழுதறேன். பெத்த மகளே சொல்லிட்டா அப்புறம் யாரு வாயைத் திறப்பாங்க?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். ஒரே மூச்சில் எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படித்தாள்.

“‘வாழ்நாளில் ஒரே ஒரு முறை அம்மா தன் பூட்டை மறந்தார். அந்தத் தவறு அவருடையது மட்டுமே. சுவிட்சைப் போட்டவர்மேல் எள்ளளவும் குற்றமில்லை. அவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்.’ போதுமா மாமா?”

ஃபோர்மேன் எழுந்து வந்தார். அவள் கையிலிருந்த தாளை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா மறக்கலை பாப்பா, பூட்டு தொங்குச்சு. எவனோ மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டான், யாரு போய் அவனைக் கூட்டிட்டு வர்றதுன்னு நெனச்சு, நான்தான் அறுத்து எறிஞ்சேன்.”