திரும்பிப் பார்க்கக் கூடாது

அகரத்து வீட்டின் பின்கட்டில் பிற்பகல் வெயில் தரையைச் சுடுகிறது. அறிவுச்செல்வி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், பாயில் இருந்தபடி, இன்னும் பேச்சு வராத ஐந்து வயது மகள் பவித்ரா வீறிட்டு அலறுகிறாள். எதையும் கத்தியே வாங்கிப் பழகிய பிள்ளை. "அழுதாத் திரும்பிப் பாக்காதீங்க. மொதல்ல அழுக கூடத்தான் செய்யும். அடங்குன ஒடனே பிஸ்கட் குடுங்க," என்று திண்டுக்கல் பயிற்சி மையத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளை தானாக அடங்கும் ஒவ்வொரு முறைக்கும் டிக் போட அவர்கள் தந்த தாள் மடியில் கிடக்கிறது. வியர்த்த உள்ளங்கையில் பாதி பிஸ்கட் நமுத்துப்போகிறது. வீட்டுக்குள்ளிருந்து கணவன் தங்கமுத்து கத்துகிறான்: "புள்ள தொண்ட கிழியுது, தூக்கித் தொலையேன்!" அவள் அசையவில்லை. "செத்த நேரம் பொறுங்க. இப்பத் திரும்புனா மூணு வாரப் பாடும் வீணாப் போயிரும்." அலறல் உச்சிக்கு ஏறுகிறது, விக்கலாக உடைகிறது, சட்டென்று நின்றுவிடுகிறது. தென்னை ஓலை உரசுவது கேட்கிறது. அவள் மனதுக்குள் பத்து எண்ணுகிறாள். அமைதிதான். தாளில் முதல் டிக்கைப் போடுகிறாள். சிரித்துக்கொண்டே திரும்புகிறாள்.

பவித்ரா பாயை விட்டு இறங்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே சம்மணமிட்டிருக்கிறாள். காலையில் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்ததற்குப் பரிசாகக் கொடுத்த பிஸ்கட்டின் தூளுக்கு வந்த செவ்வெறும்புகள் அவள் வலது பாதத்தில் கணுக்கால்வரை மொய்க்கின்றன. பாதம் தடித்து வீங்கியிருக்கிறது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, காலை உதறாமல், பிஸ்கட்டுக்காக உள்ளங்கையை நீட்டுகிறாள்.