குளிரில் அளந்த மருந்து

"துவக்குக்கு நோகுமா, அப்பா?"

துப்பாக்கியைக் காட்டி மகள் ஐந்து வயதில் கேட்டது. அன்று அவன் சிரித்தான்.

இன்று, பக்கத்து வீட்டுக் கடாட்சம் அண்ணை முதல்நாள் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது சிரிப்பு வரவில்லை. அடியில் இருந்த சின்னத் தொப்பி மிஞ்சிய அழுத்தத்தில் நசுங்கித் தட்டையாகியிருந்தது.

நொந்திருக்கிறது.

துவக்கின் பின்பூட்டான போல்ட்டைத் திறக்கக் கொஞ்சம் இறுகுது என்று அண்ணையே சொன்னார். அதையும் பெருமையாகச் சொன்னார்.

வீட்டிலேயே தோட்டாவுக்கு வெடிமருந்து அளப்பவர்கள் குறைவாகத் தொடங்குவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று மூன்றாகச் சுட்டு, கூட்டைப் பார்ப்பார்கள். கூடு முறையிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அண்ணையும் அப்படித்தான் செய்தார். ஆனால் செய்தது தை மாதம், கனடாவின் வெட்டவெளியில், மைனஸ் முப்பதில். அந்தக் குளிரில் மருந்து சோம்பிக் கிடக்கும். கூடு ஒன்றும் சொல்லவில்லை. அவர் மருந்து அளவுப் புத்தகத்தில் போட்டிருந்த உச்சத்தையும் தாண்டிப் போனார்.

இப்போது வெயில். வேட்டைக்குப் போகையில் தோட்டாப் பெட்டி அவருடைய ட்ரக்கின் முன்கண்ணாடியடியில் கிடந்து சூடேறும். சூட்டில் அதே மருந்து மூர்க்கமாக எரியும்; போல்ட்டையே பிய்த்தெறியலாம்.

சுடுகிறவரின் கண்ணுக்கும் போல்ட்டுக்கும் இடையில் நாலு விரற்கடைதான்.

சொல்லிப் பார்த்தான்.

"போடா விசரா. அந்தக் குளிரையே தாங்கின துவக்கு இந்த வெயிலுக்கு உருகிப்போடுமோ? நேற்றுத் துவக்குப் பிடிச்ச நீ எனக்குப் படிப்பிக்க வாறியோ?"

பன்னிரண்டு வருடத்துக்கு முன், இந்த ஊரில் அவனுக்கு முதல் குளிர்காலம். ஒரு காலை அவன் வாசல் கைப்பிடியில் தடித்த கோட் ஒன்று தொங்கியது. அண்ணையிடம் விசாரித்தான். "எனக்கென்ன தெரியும்? சேர்ச் ஆக்கள் கொண்டுவந்து போட்டிருப்பினம்" என்றார்.

உள்பையில் அவருடைய வேட்டை அனுமதிச் சீட்டு இருந்தது.

அந்த மாரி முழுக்க அண்ணை இரண்டு சுவெட்டருக்கு மேலே மழைக்கோட் போட்டுத் திரிந்தார்.

வெள்ளிக்கிழமை அண்ணை கலியாண வீட்டுக்கு ரொறன்ரோ போனார். நாய்க்குச் சோறு வைக்கச் சாவியைக் கொடுத்தார். திங்கள் வேட்டைக்குப் புறப்படுவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை அவன் நாய்க்குச் சோறு வைத்தான். பிறகு அண்ணை தோட்டா செய்யும் கராஜைத் திறந்தான். முருகனை நினைத்துக்கொண்டான்.

நாற்பது தோட்டாக்கள். ஒவ்வொன்றாகத் தட்டி, முனையிலிருந்த ஈய ரவையைக் கழற்றினான். மருந்தைக் கொட்டினான். புத்தகத்தின் உச்சத்துக்கு நன்றாகக் கீழே, அண்ணையின் தராசிலேயே, மறுபடி நிறுத்துப் போட்டான். ரவையைப் பழைய ஆழத்துக்கே அமர்த்தினான்.

குறி கொஞ்சம் கீழே படும். படட்டும்.

மிஞ்சிய மருந்தைப் பூச்செடிகளுக்கு உரமாகத் தூவினான். பெட்டியை இருந்த இடத்தில், இருந்த பக்கமாகவே வைத்தான். நாய்கூடத் தூங்கிவிட்டது.

வேட்டையால் திரும்பிய அண்ணை இறைச்சி தரக் கராஜுக்குக் கூப்பிட்டார். முகம் முழுதாக இருந்தது. இரண்டு கண்ணும் இருந்தன.

"போல்ட் வெண்ணெய் மாதிரித் திறக்குது. வெடி கொஞ்சம் கீழ படுது." நிறுத்தினார். "ஆரும் என்ர தோட்டாவிலே கை வைச்சவையோ?"

"எனக்கென்ன தெரியும், அண்ணை? சேர்ச் ஆக்கள் வைச்சிருப்பினம்."

அண்ணை அவனைப் பார்த்தார்.

பிறகு மேசையிலிருந்த மருந்து அளவு எழுதும் கொப்பியை இழுத்து, தை மாதத்து அளவின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.